முச்சந்தியில் கஷாயச் சக்கை

பகல் பதினொரு மணி. யுன்கெங் ஊருக்கு ஏறும் மலைப்பாதை. ஆள் நடமாட்டமே இல்லை...

"பகலா?" என்று இடைமறித்தான் என் கொழுந்தன் குவோசிங். "என்ன அண்ணி, உங்க பேய்க்குப் பகல் ஷிஃப்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வெளியே விடாத மழை. மரப்பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருந்தது. அதன் மேல் போர்த்திய ஒரே பஞ்சுப் போர்வைக்குள் எங்கள் எல்லோருடைய கால்களும் நெருக்கியடித்துக் கிடந்தன. குவோசிங்கின் புது மனைவி ஹுய்ச்சின் மட்டும் சிரிக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்கக்கா. அவரு கெடக்காரு" என்றாள்.

சொன்னேன்.

வசந்தத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் மலையில் பகல் எது, இரவு எது? நீட்டிய கையின் விரல் நுனி தெரியாது. எதிரில் வருவது மனிதனா மரமா என்று மோதின பிறகுதான் தெரியும்.

என்னோடு வேலை பார்க்கும் ருய்ஃபாங்கின் சித்திக்கு நடந்தது இது. பெயர் பெய்ஷான். கடலோர நகரம் ஒன்றில் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு அவளை வளைவில் இறக்கிவிட்டுப் பேருந்து போய்விட்டது. அதன் உறுமல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மூங்கில் இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும். சொட்... சொட்...

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"பயந்துட்டியாடி?"

வென்சியு.

பெய்ஷானும் வென்சியுவும் எட்டு வருஷம் ஒரே தொழிற்சாலை விடுதியில் இருந்தவர்கள். மேல் கட்டில் ஒருத்தி, கீழ்க் கட்டில் ஒருத்தி. ஒருத்திக்கு வயிற்று வலி வந்தால் மற்றவள் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். ஊதுபத்தி கொளுத்தி, இனி நீ அக்கா நான் தங்கை என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். அப்புறம் வென்சியு யுன்கெங்கில் வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கு நியுநியு பிறந்தபோது பெய்ஷான் மணி கோத்த வெள்ளிக் காப்பு போட்டு, நம் வழக்கப்படி அந்தக் குழந்தையைத் தன் மகளாகவும் ஏற்றுக்கொண்டாள். பெய்ஷான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'என் மகள்' என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது அந்த நியுநியு ஒருத்திதான்.

அந்த வசந்தத்தில் தொழிற்சாலையில் அவசர ஆர்டர். ராப்பகல் வேலை. பெய்ஷான் துரும்பாக இளைத்திருந்தாள். அப்போதுதான் வென்சியு போன் செய்தாள்.

"லீவு போட்டுட்டு வாடி. நல்லாத் தூங்கு, நல்லாச் சாப்பிடு. மூங்கில் குருத்து வந்திருக்கு. கையில ஒண்ணும் தூக்கிட்டு வராத. நீ வந்தாப் போதும்."

நீ வந்தால் போதும் என்று அவளிடம் யாராவது சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. அன்றே டிக்கெட் எடுத்தாள்.

அந்த வளைவிலேயே வென்சியு பையிலிருந்து ஒரு ஜோடித் துணிச் செருப்பை எடுத்தாள். கையால் தைத்தது. அடுக்கடுக்காகத் துணி வைத்து, இழை நெருக்கி, கனமான அடி.

"உன் டவுன் செருப்பு இந்தப் பாசியில வழுக்கும். உனக்குன்னே தைச்சேன். போட்டுக்கோ."

அளவு கச்சிதம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தன் பாத அளவை நினைவு வைத்திருக்கிறாளே என்று பெய்ஷானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நேரா வா. என் கையை விட்டுடாத."

நடந்தார்கள். மூன்று பாதைகள் சேரும் இடத்தில் பெய்ஷானின் கால் எதிலோ புதைந்தது. மெத்தென்று... வெதுவெதுப்பாக. குப்பென்று ஒரு வாசனை. ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், அடிப்பிடித்துக் கருகிய வேர்.

"அக்கா, எதையோ மிதிச்சிட்டேன்."

"ஈர இலைடி. வா."

வென்சியுவின் பிடி இறுகியது. அவளுடைய தோள் ஒரே ஒரு எட்டு விலகிப் போய், மறுபடி ஒட்டிக்கொண்டது. தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போகிறவர்கள் விலகுவார்களே, அப்படி. பெய்ஷான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயோ... சக்கை" என்றாள் ஹுய்ச்சின் மெதுவாக.

ஆமாம், கஷாயச் சக்கை. நமக்குத் தெரியாததா? வீட்டில் யாருக்காவது தீராத நோய் என்றால், கஷாயம் வடித்த சக்கையை முச்சந்தியில் கொட்டுவோம். யார் மிதிக்கிறார்களோ அவர்கள் காலோடு நோய் போய்விடும். கண்ணில் பட்டால் எவரும் மிதிக்கமாட்டார்கள், ஓரமாகச் சுற்றிப் போவார்கள். பெய்ஷானும் அப்படிப் பழகியவள்தான். ஆனால் அன்று பனி. அதுவும், கையைப் பிடித்துக் கூட்டிப் போனது வென்சியு. கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எதற்குத் தோன்றப் போகிறது?

இனி கேளுங்கள். அங்கே அவள் தங்கியிருந்த நாட்கள் இருக்கிறதே... அவள் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு ஓய்வு கிடைத்ததில்லை. ருய்ஃபாங்கிடம் இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாளாம். பயந்த இடத்தில் அழவில்லை. சுகமாக இருந்ததைச் சொல்லும்போது அழுதாளாம்.

மர வீடு. வெயில் வரும்வரை தூக்கம், ஆனால் வெயில் வரவே வராது. புகையில் வாட்டிய பன்றி இறைச்சியோடு மூங்கில் குருத்து. இளஞ்சூட்டில் அரிசி மது. சாயங்காலம் மரத்தொட்டியில் இஞ்சி போட்ட வெந்நீர், அதில் கால்களை வைத்துக்கொண்டு இருவரும் பழங்கதை பேசுவார்கள். வென்சியுவின் கணவன் கட்டட வேலைக்குத் தூர ஊருக்குப் போயிருந்தான். மாமியார் வாய் திறக்காத மனுஷி, எந்நேரமும் அடுப்படியில் மண்சட்டியைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

"கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்ட, சரி. மாமியாராவது வேணுமா? என்னோடதைத் தர்றேன், இனாமா எடுத்துட்டுப் போ" என்பாள் வென்சியு. "சத்தம் போடாது. தீனியும் கம்மி."

"கேக்கப் போறாங்கக்கா."

"கேட்டாலும் பதில் வராது. அதான் சொல்றேனே, நல்ல சரக்கு."

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். மாடியறையில் நியுநியு படுக்கையாகக் கிடந்தாள். காய்ந்த மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஓர் இருமல். அதன் முடிவில் சன்னமாக ஒரு விசில். இருமி இருமிக் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிடும். "சளிதான்டி, போயிடும்" என்றாள் வென்சியு. சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தினமும் பகலில், "வாடி, குருத்து தோண்டிட்டு வரலாம்" என்று வென்சியு கூப்பிடுவாள். தினமும் பனி. தினமும் அதே முச்சந்தி. தினமும் கையைப் பிடித்துக்கொள்வாள். மெத்தென்ற அதே இடம்.

"அக்கா, மறுபடியும்..."

"சாணியா இருக்கும்."

"இங்கதான் மாடே இல்லையே?"

"பக்கத்து ஊர் மாடு. உனக்கு வேற வேலை இல்ல, நட."

திரும்பி வரும்போதுதான் பெய்ஷானுக்கு அது முதலில் கேட்டது. பின்னால். சப்... சப்... ஈரமான வெறுங்கால். சின்னக் கால். நின்றாள். அதுவும் நின்றது. திரும்பினாள். பனி மட்டும்தான். நடந்தாள். சப்... சப்...

அன்று அது வெளி வாசலோடு நின்றுவிட்டது.

அடுத்த நாள் முற்றம்வரை வந்தது. மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஒன்றுகூடக் கொக்கரிக்கவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அதற்கடுத்த நாள் மரப்படியில். காலையில் பார்த்தால் பெய்ஷான் படுத்திருந்த அறை வாசலில் ஒரு ஈரத் திட்டு. உள்ளங்கை அகலம்தான்.

நகரத்தில் தூங்காத தூக்கம் காதில் ஏதோ பண்ணுகிறது என்று பெய்ஷான் நினைத்துக்கொண்டாள். நியுநியுவின் இருமல் குறைந்துகொண்டு வந்ததே, அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது. குழந்தை கஞ்சி குடித்தாள். உட்கார்ந்தாள். வெள்ளிக் காப்பு மணி சத்தமிட மாடியில் நடந்தாள். வென்சியு பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். வாய் திறக்காத மாமியார் ஒரு கோழியை அடித்து, தொடைக் கறியை எடுத்துப் பெய்ஷானின் கிண்ணத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

பெய்ஷான் அதைக் கடித்தாள். தொண்டையில் ஏதோ நமைத்தது. இருமினாள்.

காய்ந்த மூங்கிலைப் பிளக்கிற சத்தம். முடிவில், சன்னமாக... ஒரு விசில்.

மேஜையில் யாரும் அசையவில்லை. மாமியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். வென்சியு மட்டும் சூப்பை ஊற்றிக் கிண்ணத்தை நிரப்பினாள். "பனி உனக்கு ஒத்துக்கல போல" என்றாள்.

மறுநாள் மத்தியானம். வென்சியு அடுப்படியில் இருந்தாள். நியுநியு தானாகவே படியிறங்கி வந்து பெய்ஷானின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பெய்ஷான் அவளுக்குத் தலை வாரத் தொடங்கினாள். குழந்தை திரும்பி, பெய்ஷானின் தோளுக்கு மேலே எதையோ அண்ணாந்து பார்த்தாள்.

"சின்னம்மா, அந்த அக்கா உங்களை ரொம்ப அழுத்துறாங்களா?"

"எந்த அக்காடா செல்லம்?"

"தலையெல்லாம் ஈரமா இருப்பாங்களே. என் நெஞ்சு மேல உக்காந்திருந்தாங்க. இப்ப உங்க முதுகுல இருக்காங்க."

பெய்ஷானின் கையில் சீப்பு நின்றது. பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த சொட்டு. மேலே ஓடு ஒழுகவில்லை.

"உங்க செருப்புல ஏறி உங்க ஊருக்கே போயிடுவாங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றாள் குழந்தை. உடனே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."

பெய்ஷான் வாசலுக்குப் போனாள். துணிச் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். நெருக்கித் தைத்த இழைகளுக்கு நடுவே, அப்பியிருந்த மண்ணோடு மண்ணாக... ஆரஞ்சுத் தோல் துணுக்கு. அதிமதுரக் கீற்று. கருப்பு வேர். ஒரு நாள் மிதித்தது இல்லை. அடுக்கடுக்காக. முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அடுப்படியில் வென்சியு முதுகைக் காட்டியபடி குருத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். டக், டக், டக்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

கத்தி நின்றது. வென்சியு திரும்பவில்லை.

"யாரு சொன்னா?"

பெய்ஷானுக்கு நெஞ்சில் குத்தியது அந்த வார்த்தைதானாம். 'என்னடி தெரிஞ்சுபோச்சு?' என்று அவள் கேட்டிருந்தால், ஒரு நிமிஷமாவது தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தோன்றியிருக்கும். அவள் அதைக் கேட்கவில்லை. யாரு சொன்னா...

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள் பெய்ஷான். "அவ எனக்கும் மகதானே. கேட்டிருந்தா நானே போய் மிதிச்சிருப்பேனே."

"மிதிச்சிருப்ப. எனக்குத் தெரியும்." வென்சியு இப்போது திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "தெரிஞ்சு மிதிச்சா அது ஏறாதுடி. தெரியாம மிதிக்கணும். மாசக்கணக்கா கொட்டினோம். மிதிக்க இந்த ஊர்ல ஆள் ஏது? சின்னஞ்சிறுசு எல்லாம் வேலைக்கு இறங்கிப் போயாச்சு. மிச்சமிருக்கிற நாலு கிழடும் சுத்திச் சுத்திப் போகுதுங்க. சக்கை அப்படியே கிடந்து பூசணம் பூக்குது. எம்பொண்ணு மேல கிடந்து சாகுறா. யாரையாவது வரவழைக்கணும். கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கேக்காம வர்றவ, கையைப் பிடிச்சா கீழ குனிஞ்சு பாக்காதவ... எனக்கு உன்னை விட்டா யாருடி இருக்கா?"

பெய்ஷான் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். "இது?"

"துணி அடி நல்லா உறிஞ்சும்" என்றாள் வென்சியு. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுப்பில் மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பெய்ஷான் இருமினாள். நிறுத்த முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நீயும் இறக்கி வச்சிடலாம்" என்றாள் வென்சியு, தரையைப் பார்த்தபடி. "வேற யாராவது... தெரியாதவங்களா..."

"நான் உன்னை மாதிரி இல்லக்கா."

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நியுநியு மாடியில் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பவில்லை. வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "பெய்ஷான், வழுக்கும்டி, பாத்துப் போ" என்று குரல் வந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

பனி. மூன்று மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். சப்... சப்... என்று பின்னால் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயம். அது நடந்து வரவில்லை, முதுகில் இருந்தது. தூங்குகிற குழந்தையைச் சுமக்கிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார்களே, அப்படித்தான் அவள் நடந்தாள். ஈரமுடி ஒன்று காதோரம் ஒட்டியது. முச்சந்தியில் புதுச் சக்கை ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை அவள் சுற்றித்தான் போனாள். பாரம் குறையவில்லை.

பேருந்தில் ஓட்டுநரைத் தவிர யாரும் இல்லை. கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து தன் பழைய செருப்பைத் தேடினாள். வென்சியு தைத்ததைக் கழற்றியபோது அந்த நெருக்கமான தையல் கண்ணில் பட்டது. எத்தனை ராத்திரி உட்கார்ந்து தைத்திருப்பாள். ஒவ்வொரு இழையையும் எதற்கென்று தெரிந்தே இழுத்திருப்பாள். ஆத்திரம் பொங்கியது. செருப்பைக் கதவோர இரும்புப் படியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அடியில் அப்பியிருந்ததெல்லாம் உதிர்ந்து படியில் விழுந்தது. செருப்பை ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் வீசினாள்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று ருய்ஃபாங்கின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாளாம். நான் நம்புகிறேன்.

ஒவ்வொரு வளைவிலும் மூச்சு குறைந்தது. நெஞ்சு ஏற மறுத்தது. கண்ணாடியில் தன் உதடுகளைப் பார்த்தாள். நீலம். நியுநியுவின் உதட்டில் பார்த்த அதே நீலம்.

வண்டி நின்றது. கதவு திறந்தது. கீழே, பனியில், ஆரஞ்சுக் கூடையோடு ஓர் இளம்பெண். கூடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்ததால் அவளுக்குக் காலடி தெரியவில்லை. ஒரு காலைப் படிக்குத் தூக்கினாள். அந்தப் படியில்தான் சக்கை கிடந்தது.

பெய்ஷான் பார்த்தாள். 'மிதிக்காதீங்க'. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. வாயும் திறந்தது.

பிறகு, மூடிக்கொண்டது.

"சொல்லியிருக்கணும்" என்றாள் ஹுய்ச்சின். அவள் போர்வைக்குள்ளிருந்து காலை எடுத்து மடக்கி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கணும்தான்" என்றேன் நான்.

சக்... மெல்லிய சத்தம். அந்தப் பெண் ஏறிவிட்டாள். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெய்ஷானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"என்னக்கா, தனியாவா போறீங்க? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே. வண்டி ஒத்துக்கலையா?" கேட்டுக்கொண்டே ஒரு ஆரஞ்சை உரித்தாள். "இந்தாங்க, வாயில போட்டுக்கங்க, நெஞ்சு தெளியும். எங்க வீட்டு மரம்தான். வீட்ல ரெண்டு வாலுங்க இதுக்காகவே வாசல்ல நிக்கும். அதுங்களுக்குத் தெரியாம நாம ஒண்ணு தின்னுடலாம்."

பாதிப் பழத்தை நீட்டினாள். பெய்ஷான் வாங்கித் தின்றாள். இனித்தது. மூச்சை இழுத்தாள். தடையில்லாமல் உள்ளே போனது. கையால் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அந்தப் பெண் ஒரு தடவை இருமினாள். "பனி" என்று சிரித்தாள்.

அடுத்த வளைவில் அவள் இறங்கினாள். அப்போதும் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். பெய்ஷான் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாதையில் நாலு எட்டு வைத்தவள், என்ன தோன்றியதோ, திரும்பினாள். பேருந்தைப் பார்த்துச் சிரித்து, கையை அசைத்தாள்.

அவளுக்குப் பக்கத்தில், அவள் இடுப்பு உயரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கையும் அசைந்தது.